பைக் ஹேண்டில்பாருக்கு ஏற்ற வயர் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரன் ஒருமுறை ஒலிக்கிறது, அடுத்த முறை ஒலிப்பதில்லை. வண்டியை இடப்பக்கம் திருப்பினால் இண்டிகேட்டர் அணைகிறது, நேராக்கினால் எரிகிறது. சென்னையில் சில ஆண்டுகள் ஓடிய பைக்குகளில் இந்தப் புகார்கள் சகஜம். முதல் பழி ஸ்விட்ச் மீதுதான் விழும். புது ஸ்விட்ச் யூனிட் மாட்டியும் கோளாறு தீராதபோதுதான் பலர் வயரைப் பார்க்கிறார்கள். அந்த வயரை மாற்றுகிறவர்களும், யூஎஸ்பி சார்ஜர், ஃபாக் லைட் என்று புதிதாகச் சேர்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஹேண்டில்பார் வயருக்கு மட்டும் அப்படி என்ன தனித் தேவை?

வண்டியின் மற்ற வயர்கள் ஃபிரேமோடு கட்டப்பட்டு அசையாமல் கிடக்கின்றன. ஹேண்டில்பாருக்குப் போகும் வயர் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கிறது. அண்ணா சாலையின் சிக்னல்களிலும் தி.நகர் சந்துகளிலும் ஓட்டுகிறவர் ஒரு நாளில் எத்தனை முறை திருப்புகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை வளைவும் கோன்செட்டுக்கு (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குள் நடக்கிறது.

ஹெட்லைட் டூம் (விளக்கின் கிண்ணம் போன்ற கூடு) ஃபோர்க்கோடு திரும்பும் வண்டிகளில் வளைவது டூமுக்கும் ஃபிரேமுக்கும் இடையே உள்ள மெயின் ஒயரிங். ஸ்விட்ச் யூனிட்டின் வயர்கள் டூமுக்குள்ளேயே கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) முடிந்துவிடுகின்றன. புது ஸ்விட்ச் போட்டும் கோளாறு தீராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். முன்பக்க ஃபேரிங் (பிளாஸ்டிக் மூடி) ஃபிரேமில் நிற்கும் வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே ஸ்விட்ச்சிலிருந்து வரும் வயரே வளைந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் வயர் கரண்ட் தாங்காமல் கருகுவது அபூர்வம். வளைந்து வளைந்து உள்ளே இழை இழையாக ஒடிவதுதான் வழக்கம். எனவே எவ்வளவு நன்றாக வளைகிறது என்பதை முதலிலும், எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதை அடுத்தும் பாருங்கள். கடைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

மெல்லிய உறை கொண்ட, பல இழைச் செம்பு ஆட்டோமொபைல் வயர். ஸ்விட்ச், இண்டிகேட்டர், கிளச் மற்றும் பிரேக் ஸ்விட்ச், சார்ஜர் ஆகியவற்றுக்கு 0.5 சதுர மி.மீ. ஹெட்லைட்டுக்கும் எர்த்துக்கும் (கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) 0.75 அல்லது 1 சதுர மி.மீ. உறையின் மீது ஐஎஸ்ஓ 6722 (ISO 6722, வாகன வயருக்கான தரம்) என்றோ எஃப்எல்ஆர்ஒய் (FLRY, மெல்லிய உறை வாகன வயரின் குறியீடு) என்றோ அச்சிட்டிருந்தால் தேடியது கிடைத்துவிட்டது.

வீட்டு வயரிங் செய்ததில் மிச்சம் இருக்கிறது. அதைப் போடக் கூடாதா?

போடாதீர்கள். அது மோசமான வயர் என்பதால் சொல்லவில்லை. சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்யப்பட்ட வயர் அது. வீட்டு எலக்ட்ரீஷியன்கள் 1/18, 3/20 என்று சொல்லும் பழைய வகைகளில் இருப்பது ஒற்றைக் கம்பி அல்லது மூன்று தடித்த கம்பிகள். கம்பி தடிக்கத் தடிக்க வளைவில் சீக்கிரம் ஒடியும். இப்போது வரும் பல இழை வயர்கள் பரவாயில்லை என்றாலும் ஐஎஸ் 694 தரத்தில் 1,100 வோல்ட் தாங்குவதற்கு ஏற்பத் தடித்த உறை போட்டிருப்பார்கள். பைக்கில் ஓடுவது வெறும் 12 வோல்ட். அந்த உறைத் தடிமனால் இங்கே ஒரு பயனும் இல்லை.

மெல்லிய உறை கொண்ட 1 சதுர மி.மீ. ஆட்டோமொபைல் வயரின் வெளிவிட்டம் 2.1 மி.மீ.க்கு மேல் போகாது. அதே அளவு வீட்டு வயர் இதைவிடத் தெளிவாகத் தடித்திருக்கும். ஒரு வயரில் இது பெரிதாகத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயர்களைச் சேர்த்து ஒரே ஸ்லீவில் நுழைத்தால் கட்டு விறைத்துப்போய், ஹேண்டிலைத் திருப்பும்போது கையிலேயே அந்த எதிர்ப்பு தெரியும்.

வெப்பமும் ஒரு காரணம். சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரி செல்சியசுக்கானது. ஐஎஸ்ஓ 6722 தரத்தில் ஏ வகுப்பு 85 டிகிரியும் பி வகுப்பு 100 டிகிரியும் தாங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் நாளெல்லாம் நின்ற வண்டியில், எரியும் ஹெட்லைட் பல்புக்குப் பின்னால், டூமுக்குள் கிடக்கும் வயருக்கு அந்த வித்தியாசம் தேவைப்படுகிறது.

ரிச்சி தெருவில் 14/36, 23/36 என்று கேட்கிறார்கள். அது என்ன கணக்கு?

முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் ஒவ்வோர் இழையின் கேஜ், அதாவது தடிமன் எண்; எண் கூடினால் இழை மெலியும். 36 கேஜ் இழையின் விட்டம் 0.193 மி.மீ. இதை வைத்துப் பெருக்கினால் 7/36 வயர் சுமார் 0.2 சதுர மி.மீ., 14/36 சுமார் 0.41, 23/36 சுமார் 0.67, 40/36 சுமார் 1.17 சதுர மி.மீ. என்று வரும். 14/38 என்று தந்தால் கவனியுங்கள். இழையின் எண்ணிக்கை அதேதான், ஆனால் இழை மெலிந்து மொத்தமே கால் சதுர மி.மீ. ஆகிவிடுகிறது.

ஆட்டோமொபைல் வயர் கிடைக்காதபோது 14/36 அல்லது 23/36 வயரை ஹேண்டில்பாரில் போடலாம். இழைகள் நுண்ணியவை என்பதால் நன்றாக வளையும். ஆனால் அதன் உறை மிருதுவானது, உரசலைத் தாங்காது. முழு நீளத்துக்கும் மேலே ஸ்லீவ் போடுவது கட்டாயம்.

தடித்த வயர் போட்டால் பாதுகாப்புதானே?

ஹேண்டில்பாரில் அப்படிச் சொல்ல முடியாது. வயர் தடித்தால் கட்டு தடிக்கும், வளைவு கடினமாகும், இழுவை எல்லாம் ஸ்விட்ச்சின் ஈயப்பற்று மீது விழும். ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகட்டில் 1.5 சதுர மி.மீ. வயரைப் பற்றவைத்தால் தகடே நெகிழ்ந்து வெளியே வந்துவிடும்.

தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 வாட் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டு எரிந்தால் 1.7 ஆம்பியர்கூட ஆகாது. 21 வாட் பிரேக் விளக்குக்கு 1.75 ஆம்பியர். 20 வாட் வேக சார்ஜர் முழு வேகத்தில் ஓடினாலும் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். இவை எல்லாவற்றுக்கும் 0.5 சதுர மி.மீ. தாராளம்.

ஹெட்லைட் மட்டும் சற்று யோசிக்க வைக்கும். 0.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.037 ஓம் மின்தடை. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக விளக்குக்குப் போகும் பாதை இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் பல்பு 4.5 ஆம்பியர் இழுக்கும்போது வயரில் மட்டும் 0.4 வோல்ட்டுக்கு மேல் குறைகிறது. பழைய ஸ்விட்ச், கப்ளர், எர்த் ஆகியவற்றின் இழப்பும் சேர்ந்தால் 0.7 வோல்ட் போய்விடக்கூடும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் அளவுக்குக் குறையும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஓட்டுகிறவருக்கு இது சிறிய இழப்பு அல்ல. ஹெட்லைட் மங்கல் என்று கூடுதல் வாட் பல்பு வாங்குவதற்கு முன், பல்பின் கப்ளரில் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

2017 ஏப்ரல் 1 முதல் வரும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. அந்த வயர் முன்பு இரவில் மட்டும் வேலை செய்தது, இப்போது பகலிலும் செய்கிறது.

கரண்ட் அதிகம் தேவைப்படும் ஹாரன், ஃபாக் லைட் போன்றவற்றுக்கு என்ன செய்வது?

ரிலே போடுங்கள். சிறு கரண்டால் இயங்கி, பெரிய கரண்டை இணைத்து விடும் ஸ்விட்ச் அது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் ஏற்பீர்கள் என்றால் இதை ஏற்கச் சொல்வேன். ரிலேயின் காயிலை இயக்க 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். ஹேண்டில்பார் ஸ்விட்ச் அந்தச் சிறு கரண்டை மட்டும் கையாளும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக நேரே விளக்குக்கோ ஹாரனுக்கோ போய்விடும். வளையும் இடத்தில் மெல்லிய வயர், அசையாத இடத்தில் தடித்த வயர் என்று வேலை இயல்பாகவே பிரிந்துகொள்கிறது.

ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் காயில். 30 பேட்டரிப் பக்கம், 87 விளக்குப் பக்கம். இரண்டு 20 வாட் எல்இடி ஃபாக் லைட்டுகளுக்கு ரிலேக்கு அப்பால் 1 சதுர மி.மீ. வயர் போதும். ஜோடி ஹாரன்களுக்கு 1.5 சதுர மி.மீ. போடுங்கள். பல சுருதிகளில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன்களை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. அவற்றுக்கு வயர் அளவு கேட்டு வராதீர்கள்.

செம்பு என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டுகிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செம்பு பூசிய அலுமினிய வயர் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. வெட்டிய முனையை மேலோட்டமாகப் பார்த்தால் அசல் செம்பு போலவே சிவந்திருக்கும். ஓர் இழையைத் தனியாகப் பிரித்து, நகத்தின் மீது வைத்து பிளேடு முனையால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பானால் எத்தனை சுரண்டினாலும் சிவப்புதான். பூச்சானால் இரண்டாவது மூன்றாவது சுரண்டலிலேயே வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். கையில் எடுத்தாலும் தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பதால் போலிச் சுருள் லேசாக இருக்கும்.

வெளியே வெள்ளியாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. நல்ல சரக்கு, தயங்காமல் வாங்கலாம்.

அலுமினிய வயரில் மின்தடை அதிகம். வளைவில் செம்பைவிட மிகச் சீக்கிரம் ஒடியும். மலிவான ஃபாக் லைட் செட்டுகளோடு வரும் வயர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் மாட்ட வேண்டாம்.

கடலோரத்தில் வீடு. வயருக்கு ஏதாவது கூடுதலாகக் கவனிக்க வேண்டுமா?

பட்டினப்பாக்கம், திருவொற்றியூர், நீலாங்கரை போன்ற இடங்களில் நிற்கும் வண்டிகளில் வயரை அறுத்துப் பார்த்தால் செம்பு சிவப்பாக இருப்பதில்லை. உறையை உரித்தவுடன் கறுத்த இழைகளும், அவற்றின் இடையே பச்சைப் பொடியும் தெரியும். இன்னும் ஒரு அங்குலம் உரித்தாலும் அதே கறுப்பு தொடரும். உப்பு ஈரம் திறந்த முனை வழியாக நுழைந்து, இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் ஏறிக்கொண்டே போகிறது. இந்த வயரில் ஈயம் ஒட்டாது, டெர்மினலும் சரியாகப் பிடிக்காது. நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

கடலோரத்துக்கு வெள்ளீயம் பூசிய வயரே சிறந்தது. கிடைக்காவிட்டால் முனைகளை அடைப்பதில் முழுக் கவனம் வையுங்கள். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கினால் பசை உருகி ஓரங்களில் கசியும். அப்படிக் கசிந்தால்தான் நீர் புகாது. பசை இல்லாத மலிவு வகை ஈரத்தைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரியின் தேங்கிய நீரைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சிலிகான் வயர் நன்றாக வளைகிறதே?

வளைவில் அதற்கு இணையில்லை, 200 டிகிரி வரை தாங்கும். ஆனால் உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து கிழிந்துவிடும். கிளச் கேபிள் உரசும் இடத்தில் வெறும் சிலிகான் வயர் வேண்டாம்.

ஹேண்டில்பாரை உயர்த்தினேன், வயர் எட்டவில்லை. எப்படி நீட்டுவது?

முதல் தேர்வு, அதே கப்ளர் ஜோடியை வாங்கி இரு முனைகளிலும் மாட்டிய நீட்டிப்பு வயர். வண்டியின் அசல் ஒயரிங்கை வெட்ட வேண்டியதே இல்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கப்ளர்கள் வால் வயரோடு கிடைக்கும். கப்ளரின் உள்ளே துரு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். பழைய மெயின் ஒயரிங்கை மட்டும் முழுதாக வாங்காதீர்கள். அதன் வளைவுப் பகுதி ஏற்கனவே உழைத்துத் தேய்ந்தது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் வெட்டி, இணைத்து, அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே கட்டி விழும். ஒன்றுக்கு இரண்டு விரல் தள்ளி அடுத்ததை வையுங்கள். இணைப்பு ஒன்றுகூட வளைவுப் பகுதியில் விழக் கூடாது. டூமுக்குள்ளேயோ டேங்குக்கு அடியிலோ வரட்டும்.

நீளத்தை அளக்கும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முட்டி நிற்கும்வரை திருப்பிப் பார்த்து அளக்க வேண்டும். ஸ்டியரிங் ஸ்டாப்பருக்கு இடையில் வயர் நசுங்குகிறதா, கிளச் கேபிளுக்கும் ஃபோர்க் தட்டுக்கும் நடுவே சிக்குகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, டெர்மினல் போட்டு அழுத்துவதா?

வளையும் இடத்தில் ஈயம் கூடாது. ஈயம் இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, உறைக்குள்ளும் ஏறிப் பல இழை வயரை ஒற்றைக் கம்பியாக்கிவிடுகிறது. ஈயம் முடியும் இடத்தில் வளைவு முழுதும் ஒரே புள்ளியில் விழுந்து ஒடிகிறது. நல்ல கிரிம்பிங் கருவியால், செம்பையும் உறையையும் தனித்தனியாகப் பிடிக்கும் டெர்மினலை அழுத்துவதே முறை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அசையாத இடத்தில், இரு பக்கமும் கட்டப்பட்ட வயரில் ஈயம் வைக்கலாம், குறையில்லை.

இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

போதாது. சென்னை வெயிலில் அதன் பசை இளகி, டேப் கழன்று, பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். கட்டின் மேல் சுற்றுவதற்குத் துணி டேப் வாங்குங்கள். வளைவுப் பகுதியில் இறுகச் சுற்றாமல், மெல்லிய பிவிசி ஸ்லீவுக்குள் வயர்கள் தளர்வாக நழுவும்படி விடுங்கள். கேபிள் டையையும் அந்தப் பகுதியில் இறுக்காதீர்கள்.

ஹேண்டில்பார் குழாய்க்குள் வயரை விட்டால் அழகாக இருக்குமே?

இருக்கும். ஆனால் துளை போட்ட குழாய் பலவீனமான குழாய். கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் துளைக்கவே கூடாது. தொழிற்சாலையிலேயே துளையிட்டு வந்த ஹேண்டில்பார் வாங்குவது நல்லது. துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்கி, ரப்பர் குரோமெட் (துளை ஓரத்தை மூடும் வளையம்) மாட்டிய பிறகே வயரை நுழைக்க வேண்டும்.

எர்த்துக்குத் தனி வயர் தேவையா? ஹேண்டில்பாரே இரும்புதானே?

தேவை. ஹேண்டில்பாருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருப்பது கிரீஸ் பூசிய கோன்செட் குண்டுகள். சில வண்டிகளில் ரப்பர் புஷ்ஷும் உண்டு. அந்த வழியாக எர்த் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. 0.75 சதுர மி.மீ. வயர் ஒன்றை எர்த்துக்கென்றே பேட்டரி வரை கொண்டுபோங்கள். சார்ஜர் விட்டு விட்டு வேலை செய்யும் வண்டிகளில் இதையே முதலில் பார்ப்பேன்.

கறுப்பு வயர் என்றால் எர்த்தானே?

எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. யமஹாவில் கறுப்பு எர்த். ஹோண்டாவில் எர்த் பச்சை, கறுப்பு வயரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். ஒரு வண்டியின் பழக்கத்தில் இன்னொன்றைத் தொட்டால் ஃப்யூஸ் போகும். உங்கள் வண்டியின் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து, மல்டிமீட்டரால் உறுதி செய்த பிறகு வெட்டுங்கள்.

ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்?

வயருக்கு ஏற்றது. 0.5 சதுர மி.மீ. வயருக்கு 5 ஆம்பியர், 0.75க்கு 7.5 அல்லது 10, 1.5க்கு 15. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்த முறை எரிவது வயராக இருக்கும், டேங்க் அதற்கு மேலேதான் இருக்கிறது.

மீட்டர் பீப் அடிக்கிறது, ஆனாலும் ஹாரன் அடிக்கவில்லை. ஏன்?

பதினாறு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அதன் சோதனைக் கரண்ட் அவ்வளவு சிறியது. கரண்ட் ஓடும்போதுதான் வயரைச் சோதிக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை வயரின் தொடக்கத்திலும் மறுமுனையை முடிவிலும் தொட்டுக்கொண்டு, உதவிக்கு ஒருவரை ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் வயர் நலம். அழுத்தியபடியே ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். எண் ஏதாவது ஒரு பக்கம் துள்ளினால் ஒடிந்த வயர் அதுதான்.

எலி கடிக்கிறது. கடிக்காத வயர் இருக்கிறதா?

எனக்குத் தெரிந்து நம்பி வாங்கக்கூடியது இல்லை. அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பல நாள் எடுக்காமல் நிற்கும் வண்டிகளில்தான் சேதம் அதிகம். நெளிவுக் குழாய் போட்டால் சிறிது தாமதப்படும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுப்பதே நல்ல தடுப்பு.

புதிய, எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டியிலும் இதையெல்லாம் செய்யலாமா?

ஸ்விட்ச்சுகள் சிக்னல் மட்டும் அனுப்பும் வண்டிகளிலும், கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள வண்டிகளிலும் ஹேண்டில்பார் வயரைத் தொடாதீர்கள். அவற்றை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலேயே மாற்ற வேண்டும். சார்ஜர் போன்றவற்றைத் தனி ஃப்யூஸோடு பேட்டரியிலிருந்து எடுங்கள். வாரன்டி காலத்தில் எந்த வயரையும் வெட்ட வேண்டாம்.

சென்னையில் எங்கே வாங்கலாம், எவ்வளவு வாங்க வேண்டும்?

ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், ஆட்டோமொபைல் வயர் ஆகியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஹீட் ஷ்ரிங்க் குழாய், டெர்மினல், கிரிம்பிங் கருவி, மல்டிமீட்டர், 14/36 போன்ற ஹூக்கப் வயர் எல்லாம் ரிச்சி தெருவில். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஹேண்டில்பார் வேலைக்கு ஒரு நிறத்துக்கு இரண்டு மீட்டர் போதும். பேட்டரி வரை போகும் வயருக்கு மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் மொத்தமாக வாங்கினால் அடுத்த முறை கோளாறு பார்ப்பவர் திணறுவார். குறைந்தது ஐந்து நிறங்களாவது எடுத்து, எந்த நிறம் எதற்கு என்று எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிடுங்கள்.